இழுப்பது பெரிதல்ல, தாங்குவதும் நிறுத்துவதுமே பெரிது



துறைமுகத்திற்குச் செல்லும் பெரிய சரக்குப்பெட்டி லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் எஞ்சின் உள்ள இழுவை வண்டி. பின்னால் பெட்டியைத் தாங்கிய நீண்ட டிரெய்லர். இவ்விரண்டும் சேருமிடத்தில், இழுவை வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலே, குதிரை லாடம் போலப் பிளவுபட்ட ஓர் எஃகுத் தட்டு படுத்திருக்கும். டிரெய்லரின் அடியில் தொங்கும் தடித்த எஃகு முளை அந்தப் பிளவில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். இந்த அமைப்பின் பெயர் 'ஐந்தாம் சக்கரம்'.

உருளாத ஒன்றுக்குச் சக்கரம் என்ற பெயர் ஏன்? பழைய நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக ஒரு வட்ட வளையத்தைப் படுக்கை வாட்டில் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களுக்கு அடுத்ததாக அது ஐந்தாவது ஆயிற்று. குதிரை போன பின்பும் பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்க விமான முன்னோடி கிளென் கர்டிஸ் 1920-களின் இறுதியில் வீடு போன்ற டிரெய்லர்களை உருவாக்கியபோது, ஒரு விமானச் சக்கரத்தின் டயரையே படுக்க வைத்து இணைப்பாகப் பயன்படுத்தினார்.

இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கிய 'ஐந்தாம் சக்கர' வீட்டு டிரெய்லர்களைக் குடும்பங்கள் ஊர் ஊராக இழுத்துச் செல்கின்றன. இழுப்பது, பின்புறம் திறந்த தொட்டி உள்ள கனரகப் பிக்-அப் லாரி. இந்த லாரியை வாங்குபவர் கடையில் நிற்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எஞ்சின், பின் அச்சின் பற்சக்கர விகிதம், தொட்டியின் நீளம், பின்சக்கரங்களின் எண்ணிக்கை என ஒவ்வொன்றையும் விருப்பம்போல் குறித்துக் கொடுக்கலாம். எதை முதலில் குறிப்பது?

பெரும்பாலோர் எஞ்சினை முதலில் குறிக்கிறார்கள். விளம்பரங்களும் அதைத்தான் முழங்குகின்றன. இது தலைகீழான வரிசை என்பது என் கருத்து. எவ்வளவு இழுக்கும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தாங்கும், எப்படி நிறுத்தும் என்று கேட்க வேண்டும். எஞ்சின் கடைசியில் வரட்டும். ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு பார்த்து ஏற்றுவார். டிரெய்லருக்கும் இதே விதிதான். அதன் எடையில் ஒரு பங்கு முன்புற இணைப்பில் அழுந்தாவிட்டால், வேகத்தில் அது மீன் வாலைப் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். லாரியின் பின்முனைக் குமிழில் மாட்டும் சாதாரண டிரெய்லரில் இந்தப் பங்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐந்தாம் சக்கர டிரெய்லரில் ஏறத்தாழ 20 சதவீதம்.

பங்கு கூடினாலும் ஐந்தாம் சக்கரத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. நெம்புகோல் தத்துவத்தை நினைவுகூருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் உள்ள லாரியில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 500 கிலோ எடை அழுந்துவதாகக் கொள்வோம். பின் அச்சே தாங்குபுள்ளி. முன் அச்சு இழக்கும் எடை 500 × 1.2 ÷ 4 = 150 கிலோ. பின் அச்சில் ஏறுவதோ 650 கிலோ. முன்சக்கரங்கள் லேசானால் திருப்பும் பிடிப்பு குறையும். ஐந்தாம் சக்கரத்தின் முளை, பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ அமர்வதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த எடை முழுவதையும் லாரியின் பின் அச்சே சுமக்க வேண்டும்.

இப்போது ஒரு குடும்பத்தின் கணக்கைப் போடுவோம். சாமான்களோடு டிரெய்லரின் எடை 6,500 கிலோ. அதில் 20 சதவீதம், அதாவது 1,300 கிலோ, லாரியின் மேல் அழுந்துகிறது. இணைப்புத் தட்டும் அதன் தாங்கியும் 100 கிலோ. நால்வர் 280 கிலோ. கருவிகளும் பெட்டிகளும் 120 கிலோ. மொத்தம் 1,800 கிலோ.

லாரியின் வெற்றெடை 3,500 கிலோ. சுமையோடு அது எட்டலாகும் மேல் எல்லை 5,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எல்லை, ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். கழித்தால், லாரி சுமக்கக் கூடியது 1,700 கிலோதான். நம் குடும்பம் 100 கிலோ மிஞ்சிவிட்டது! விளம்பரத்தில் அதே லாரி 8,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கலாம். அதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இழுக்கும் எல்லைக்கு வெகு முன்பே சுமக்கும் எல்லை வந்துவிட்டது என்பதுதான் செய்தி. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே அன்றோ? மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிய குறளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த அச்சை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் விரும்பிச் சேர்க்கும் ஒவ்வோர் அமைப்புக்கும் எடை இருக்கிறது. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. நான்கு சக்கர இயக்கம், இரண்டு வரிசை இருக்கை, கண்ணாடிக் கூரை ஒவ்வொன்றும் வெற்றெடையைக் கூட்டும். மேல் எல்லை மாறாதபோது, கூட்டியது முழுவதும் சுமக்கும் திறனிலிருந்து கழியும். வலிமைக்காகப் பணம் கொடுத்தவர், வலிமையில் ஒரு பகுதியை விற்றுவிட்டு வருகிறார்!

ஆகவே எனது பட்டியலில் முதலிடம், பின் அச்சின் இருபுறமும் இரட்டைச் சக்கரங்கள் கொண்ட அமைப்புக்கு. பின்னால் இரண்டு டயர்களுக்குப் பதில் நான்கு டயர்கள் சுமையைப் பகிர்கின்றன. இவ்வகை லாரிகள் பலவற்றில் மேல் எல்லை 6,350 கிலோ. வெற்றெடை 3,850 கிலோ ஆனாலும் 2,500 கிலோ சுமக்கலாம். நம் குடும்பத்திற்கு 700 கிலோ மிச்சம். அகலமான அடித்தளம் பக்கக் காற்றிலும் உதவும். நகரத்துக் குறுகிய தெருக்களில் இது தொல்லை தரும் என்பதும், டயர் செலவு கூடும் என்பதும் உண்மைதான். சிறிய டிரெய்லர் வைத்திருப்பவருக்கு இது வேண்டியதில்லை.

அடுத்தது தொட்டியின் நீளம். இது வெறும் வடிவியல். டிரெய்லரின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கும். அதில் பாதி 1.3 மீட்டர். லாரி செங்குத்தாகத் திரும்பும்போது, டிரெய்லரின் பக்கச் சுவர் முளையிலிருந்து 1.3 மீட்டர் தூரத்தில் லாரியின் அறையை நோக்கி நிற்கும். நீளத் தொட்டியுள்ள லாரியில் பின் அச்சுக்கும் அறைக்கும் இடையே சுமார் 1.4 மீட்டர் உண்டு, தப்பித்தோம். குட்டைத் தொட்டியில் ஏறத்தாழ 1 மீட்டர்தான், பின்கண்ணாடி நொறுங்கும். இதற்காக இணைப்பைப் பின்னுக்குத் தள்ளும் நகரும் தட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் 40 சென்டிமீட்டர் நீளத்தை முதலிலேயே கேட்டு வாங்குவது எளிதல்லவா?

மூன்றாவது, நிறுத்தும் வல்லமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் மலையைக் குடைந்து செல்கிறது. அதிலிருந்து மேற்கே சில்வர்தார்ன் ஊர் வரை, ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்குள் சாலை 600 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. லாரியும் டிரெய்லரும் சேர்ந்து 10 டன் என்று கொள்வோம். 600 மீட்டர் இறங்கும்போது விடுபடும் நிலை ஆற்றல் 10,000 × 9.8 × 600 = 5 கோடியே 88 லட்சம் ஜூல். இது 200 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்! அதே 10 டன், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பெற்றிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 31 லட்சம் ஜூல்தான். அதாவது, இந்த ஓர் இறக்கம், அந்த வேகத்திலிருந்து 19 முறை வண்டியை நிறுத்துவதற்குச் சமம். இடையில் பிரேக் ஆறுவதற்கு நேரமும் இல்லை.

ஒரு பகுதியைக் காற்றும் டயரும் விழுங்கும். மீதி எங்கே போவது? எல்லாம் பிரேக்கிலேயே இறங்கினால் அது பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். இந்த இறக்கத்தின் ஓரத்தில், பிரேக் கைவிட்ட லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளை நிரப்பிய மேட்டுப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். அவை வீணுக்கு அமைத்தவையல்ல.

புகைப்போக்கி பிரேக் என்ற அமைப்பு இங்கே கைகொடுக்கிறது. அது டீசல் எஞ்சினிலிருந்து வெளியேறும் காற்றின் வழியை நெருக்குகிறது. பிஸ்டன்கள் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் எஞ்சினே தடையாக மாறுகிறது. ஆற்றல், வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் எஞ்சின் குளிர்நீர் வழியாகவும் வெளியேறுகிறது. சக்கரப் பிரேக் குளிர்ந்தபடி ஆபத்துக்குக் காத்திருக்கிறது. டிரெய்லரின் சொந்த மின் பிரேக்குகளை லாரியின் பிரேக்கோடு அளவாக இணைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் இதைப் போலவே இன்றியமையாதது. டீசல் எஞ்சினை நான் சிபாரிசு செய்தால், அதன் ஏறும் வலிமைக்காக அல்ல. இறங்கும்போது அது தரும் தடைக்காகவே.

இனி எஞ்சினுக்கு வருவோம். அதே 10 டன், 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஏறட்டும். நொடிக்கு 17.8 மீட்டர் ஓட்டம், அதில் 1.25 மீட்டர் உயர்வு. தேவைப்படும் திறன் 10,000 × 9.8 × 1.25 = 1,22,500 வாட்; ஏறக்குறைய 165 குதிரைத் திறன். காற்றுத் தடையையும் உருளும் தடையையும் சேர்த்தாலும் 220-ஐ ஒட்டி நிற்கும். 2023 மாதிரி ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் அளித்த 6.7 லிட்டர் டீசல் எஞ்சினின் உயர்திறன் வகையோ 500 குதிரைத் திறன் கொண்டது! மிகுதி எதற்கு? விரைந்து முந்துவதற்கு, பெருமைக்கு.

பின் அச்சின் பற்சக்கர விகிதம் இதைவிட மலிவான உதவி. அதே கியரில், 3.42 விகிதத்தைவிட 4.10 விகிதம் சக்கரத்துக்கு 20 சதவீதம் அதிகத் திருப்புவிசை தரும். எஞ்சினும் 20 சதவீதம் வேகமாகச் சுழல நேரும். எரிபொருள் சற்றுக் கூடும். வாழ்நாளில் பாதி பாரம் இழுக்கும் லாரிக்கு இது நல்ல பேரம்.

"இழுதிறன் எண்கள் முறையான சோதனையில் பெற்றவைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுத் தரமுறை 2008-இல் வெளிவந்தது. அரிசோனாவின் டேவிஸ் அணை அருகே தொடங்கும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஏற்றமே அதற்கு அளவுகோல். திரும்புதலையும் நிற்பதையும்கூட அது சோதிக்கிறது. நல்ல முறைதான். ஆனால் அது லாரியில் ஓட்டுநரும் ஒரு துணைவரும் மட்டுமே இருப்பதாகக் கொண்டது. மேலும் விளம்பரத்தில் வரும் மிகப் பெரிய எண், பெரும்பாலும் மிகக் குறைந்த வசதிகளுள்ள இலேசான வகைக்கு உரியது. நாம் வாங்குவதோ வேறொரு லாரி. சோதனை பொய் சொல்லவில்லை. நம் குடும்பத்தை அது எடை போடவில்லை, அவ்வளவே. எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நம் வேலை.

வாங்குபவர் தவறினால் தண்டனை அவருக்கு மட்டுமா? இறக்கத்தில் அவருக்கு முன்னால் செல்லும் சிறிய காரில் இருப்பவர், எந்த அமைப்பையும் தேர்ந்தெடுத்தவர் அல்லர். இதனால்தான் இதை அவரவர் விருப்பம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

அமெரிக்க லாரி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். நாளை உங்கள் தெருவில் நிற்கும் சரக்கு லாரியின் பக்கப் பலகையைப் பாருங்கள். யூ.எல்.டபிள்யூ. என்று வெற்றெடையும், ஆர்.எல்.டபிள்யூ. என்று பதிவான சுமையெடையும் எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பிறகு வண்டியில் ஏற்றியிருப்பதைப் பாருங்கள். அந்த எளிய கழித்தல் கணக்கைப் போடத் தெரிந்தவர், எந்த விளம்பரத்திலும் எளிதில் மயங்கமாட்டார்.