கம்பியிலும் உயர்ஜாதியா?

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் தோழர் ஒருவர், பல மாதம் சீட்டுக் கட்டி, வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக ஆம்ப்ளிபையரும், சி.டி. பிளேயரும், ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினார். பிளேயரையும் ஆம்ப்ளிபையரையும் இணைக்க ஒரு மீட்டர் கம்பி வேண்டியிருந்தது. கடைக்காரர் 300 ரூபாய்க் கம்பியை ஒதுக்கித் தள்ளி, வெள்ளி பூசியதென்றும், அம்புக்குறி பார்த்து மாட்ட வேண்டியதென்றும் சொல்லி, 18,000 ரூபாய்க் கம்பி ஒன்றைக் காட்டினாராம். வாங்கலாமா என்று தோழர் நம்மைக் கேட்டார். வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம். காரணத்தையும் சொல்லிவிடுகிறோம், காரணம் கேளாமல் நம்பு என்று சொல்வது நமது வேலையல்லவே!

பிளேயரிலிருந்து புறப்படுவது சுமார் 2 வோல்ட் மின்சார அலை. அதை வாங்கிக்கொள்ளும் ஆம்ப்ளிபையரின் வாயிலில் 10,000 ஓமோ, அதற்கு மேலோ தடை இருக்கிறது. இடையிலுள்ள கம்பியின் தடை ஒரு ஓம்கூட இராது. பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைந்த வித்தியாசத்தை எந்தக் காது கேட்கும்? செம்பைவிட வெள்ளி நூற்றுக்கு ஆறு பங்கு போல் அதிகமாக மின்சாரத்தைக் கடத்தும் என்பது வாஸ்தவமே. ஆனால், ஒன்றுமில்லாததில் ஆறு பங்கு என்றால் அது எவ்வளவு? அம்புக்குறி சங்கதி அதைவிட வேடிக்கை. பாட்டின் மின்சாரம் வினாடிக்கு 20 முதல் 20,000 தடவை வரை போவதும் வருவதுமாக இருப்பது. அதற்கு ஒருவழிப் பாதை ஏது? மேலுறையை ஒரு முனையில் மட்டும் இணைத்த சில கம்பிகளில் குறியிடுவதுண்டு. அது இரைச்சலைத் தடுப்பதற்கே ஒழிய, பாட்டுக்குத் திசை காட்டுவதற்கல்ல.

எல்லாக் கம்பியும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. மேலுறை சரியில்லையானால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பாட்டில் கலக்கும். பற்றுவைப்பு விட்டுப்போனாலும், முனை தளர்ந்தாலும் கரகரக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி நீளமானால் தடித்ததாக இருக்க வேண்டும். இவை யாவும் அளந்து பார்க்கக்கூடிய குணங்கள். சில நூறு ரூபாயில் கிடைப்பவை.

"அளவுகோலுக்குத் தெரியாது, என் காதுக்குத் தெரிகிறது" என்கிறார்கள். நமக்குத் தெரியவில்லை என்றாலோ, "உமது காது பக்குவப்படவில்லை" என்கிறார்கள். தோழர்களே! இதை எங்கே கேட்டிருக்கிறோம்? சாமி தெரியவில்லை என்றவனுக்குப் பக்தி போதாது என்று சொன்ன அதே வாயல்லவா இது? பிறவியில் மேல் கீழ் வைத்தது போதாதென்று, காதிலும் மேல் கீழா?

பரீட்சை சுலபம். கம்பிகளைத் துணியால் மூடி, மற்றொருவர் காசு சுண்டிப் பார்த்து மாற்றி மாற்றி மாட்டட்டும். எது எதுவென்று 20 தடவை சொல்லட்டும். குருட்டாம் போக்கில் சொன்னாலே 10 சரியாக வரும். 15-க்குக் குறையாமல் சரியாக வந்தால் மேலே பேசலாம். 1963-இல் இலங்கையில் டாக்டர் ஆப்ரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றார். 1978-இல் அவர் இறக்கும் வரை அதை ஒருவரும் பெறவில்லை. 2007-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கம்பி சாதாரணக் கம்பியைவிட மேல் என்று நிரூபித்தால் 10 லட்சம் டாலர் என்றார். அதையும் ஒருவரும் பெறவில்லை.

நம் ஊர்க் கோயிலில் புற்றுமண்ணை மருந்தென்று நம்பி வாங்கிப் போகும் கிராமவாசியைப் பார்த்துச் சிரிக்கும் படித்த வாலிபர்கள், அம்புக்குறிக் கம்பிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? மண்ணுக்காவது விலை குறைவு!

ஆகவே, நல்ல மேலுறையும் உறுதியான முனையும் உள்ள மலிவான கம்பியையே வாங்குமாறும், மிச்சப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைக்குமாறும் அந்தத் தோழருக்குச் சொல்லியிருக்கிறோம். மற்றத் தோழர்களுக்கும் அதுவே நமது யோசனை. பகுத்தறிவு கோயில் வாசலோடு நின்றுவிடாமல், கடை வாசலுக்கும் கூடவே வரவேண்டும்.