பூட்டிய நூல் யாருடையது?

மின்னூலைப் பூட்டி விற்றால்தான் எழுத்தாளனுக்குப் பாதுகாப்பு என்று நம்மவர் சிலர் பேசத் தொடங்கியுள்ளனர். நியாயம் போலத் தோன்றும் இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது. நூல் எழுத்தாளனுடையது, பணம் வாசகனுடையது. சாவி மட்டும் இருவரிடமும் இல்லை. அது கடைக்காரனின் மடியில் இருக்கிறது.

கிண்டிலுக்கென வாங்கிய பூட்டிய நூல் கோபோ கருவியில் திறக்காது. அடோபி நிறுவனத்தின் பூட்டிட்ட நூல் கோபோவில் திறக்கும், கிண்டிலில் திறக்காது. கருவியை மாற்றும் வாசகன் அதே நூலுக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டும். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, வடம் மூலம் கிண்டிலுக்கு மாற்றும் வசதியொன்று முன்னர் இருந்தது. அதையும் 2025 பெப்ரவரி 26இல் அமேசன் நிறுத்திவிட்டது.

சாவி வைத்திருப்பவன் என்ன செய்வான் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2009 ஜூலையில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களை, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசன் அழித்தது. அவற்றைப் பதிவேற்றியவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வீட்டுக்குள் புகுந்து நூலை எடுத்துச் செல்லும் வழி இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிட்டது. 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் யாவும் திறக்காமற் போயின. பணம் திரும்பியது. ஓரங்களில் குறிப்பெழுதியிருந்தோருக்கு மேலும் 25 டொலர். ஒருவன் சிந்தித்து எழுதிய குறிப்புகளுக்கு அவர்கள் இட்ட விலை அது!

நமது மார்க்கம் கற்றுத்தந்த கொடுக்கல் வாங்கலில் விற்பனை வேறு, இஜாரா வேறு. விற்றால் உடைமை கைமாற வேண்டும். வாடகையென்றால் வாடகையென்றே சொல்ல வேண்டும். 'வாங்குக' என்று எழுதிவிட்டு, வாசிக்கும் அனுமதியை மட்டும் கொடுப்பதற்கு என்ன பெயர்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில்கூட, இது அனுமதி மட்டுமே என்று வாங்குபவனுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டுமென 2025 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது.

"அப்படியானால் திருட்டு?" என்பார்கள். திருடுகிறவனுக்குப் பூட்டை உடைக்கத் தெரியும். உடைத்த பிரதி ஒன்று வெளிவந்தால் போதும், ஆயிரமாகிவிடும். மாட்டிக்கொள்பவன் பணம் கொடுத்து வாங்கிய நேர்மையான வாசகனே. விஞ்ஞானப் புனைகதை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012இல் பூட்டைக் கழற்றியது. ஓராண்டின் பின், திருட்டு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று அதன் பிரித்தானியக் கிளை அறிவித்தது.

நமக்கோ திருட்டு ஒரு பிரச்சினையே அல்ல, வாசிக்கப்படாமையே பிரச்சினை. கைப்பணம் போட்டு அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, மீதியை வீட்டு மூலையில் அடுக்கும் நாம் யாருக்குப் பயந்து பூட்டுகிறோம்? சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது 1885இல். அது இன்று நம்மிடம் இருக்கிறதென்றால், பிரதிகள் கைமாறியதாலும், யாரோ பாதுகாத்ததாலும், பின்வந்தோர் மறுபதிப்புச் செய்ததாலுமே. மதரஸாக்களின் கிதாபுகளும் வக்பாகக் கொடுக்கப்பட்டுத் தலைமுறை கடந்தன. பூட்டிய மின்னூலை வக்பு செய்ய முடியாது. இரவல் கொடுக்கவோ, மௌத்துக்குப் பின் பிள்ளைகள் பங்கிடவோ வழியில்லை. நூலகத்துக்கு அன்பளிப்புச் செய்யவும் முடியாது.

கிண்டிலில் நூலைப் பதிவேற்றும்போது பூட்டு வேண்டுமா என்று எழுத்தாளனிடமே கேட்கிறார்கள். 'வேண்டாம்' என்று பதில் கொடுங்கள். பூட்டில்லாப் பிரதியொன்றை நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் வழங்குங்கள். எழுத்துக்குக் கூலி கேட்பது நம் ஹக்கு. ஆனால் வாசகன் கைக்குப் போன நூல் அவனிடம் ஓர் அமானிதம். அதைத் திருப்பிப் பிடுங்கும் கைக்கு நாமே சாவி கொடுக்கலாகாது.