வாய்க்கால் தந்த உறவு

காங்கேயம் என்றதும் நேயர்களுக்குக் காளைதான் ஞாபகத்துக்கு வரும். மழை குறைந்த அந்தச் சீமைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அதற்குக் கீழ்பவானி வாய்க்கால் என்று பெயர்.

சுதந்திரம் கிடைத்த மறு வருஷமே, 1948-ல், பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டும் வேலை ஆரம்பமாகி, 1955-ல் முடிந்தது. மோயாறு வந்து கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பிய அணை அது. அதிலிருந்து புறப்படும் வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, காங்கேயம் பக்கத்து வயல்களுக்கும் ஜலம் தருகிறது. அணையடியில் உள்ள சிற்றூர்தான் பவானிசாகர்.

அவ்வூரின் கீர்த்தி மீன் வளர்ப்பினால் வந்தது. சர்க்கார் பண்ணையில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை ஜாதிகளின் குஞ்சுகள் உற்பத்தியாகின்றன. இம்மூன்றும் வடநாட்டு நதிகளிலிருந்து வந்த விருந்தாளிகள். ஒரே குட்டையில் விட்டாலும் இவற்றுக்குள் சச்சரவு இல்லை. கட்லா மேல்மட்டத்தில் இரை தேடும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். கூட்டுக் குடும்பஸ்தர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு!

ஆனால் இந்த விருந்தாளிகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மழைக்காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். தேங்கிய குட்டையில் என்ன உபசாரம் செய்தாலும் இடாது. ஆகையால் முன்பெல்லாம் வெள்ளத்தில் குஞ்சுகளை அரித்தெடுத்துத்தான் விற்றார்கள். அவற்றோடு வேண்டாத ஜாதிகளும் கலந்து வரும். 1957 ஜூலை 10-ந் தேதி ஒடிஸாவிலுள்ள அங்குலில் நம் நாட்டு விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி இந்தப் பிடிவாதத்தை வென்றார். ஒரு மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாரத்தை மற்றொரு மீனுக்கு ஊசியால் செலுத்தி, குட்டையிலேயே முட்டையிடச் செய்தார். அந்த நாளையே தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று பண்ணைக்குட்டை உள்ள எந்தக் குடியானவரும் நல்ல குஞ்சுகளை வாங்கி வளர்க்கலாம்.

குஞ்சு உண்டாக்கக் கற்றுக்கொண்டோம். குஞ்சு பிழைக்கும் ஜலத்தைக் காக்கக் கற்றோமா? காங்கேயத்துக்கு வடக்கே நொய்யல் ஓடுகிறது. 1992-ல் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டி முடித்தார்கள். அதில் வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவுநீர். வயலுக்கு ஜலம் வேண்டிய உழவர்களே, இந்த ஜலத்தால் நிலமும் கிணறும் பாழாகின்றன என்று நியாயஸ்தலம் ஏறினார்கள். கழிவை அறவே வெளியே விடாத ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் வேலையிழந்த தொழிலாளிகளின் துயரமும் சிறிதல்ல.

ஒரே வட்டாரத்தில் இரண்டு அணைகள். ஒன்று மீனும் நெல்லும் தந்தது; மற்றொன்று வழக்குத் தந்தது. இரண்டையும் கட்டியவர்கள் நம்மவர்களே. ஆகவே குற்றம் சாட்ட அந்நியர் யாருமில்லை.

துணி எடுக்கும்போது, "சாயம் போகுமா?" என்று கடைக்காரரைக் கேட்பது நம் வீட்டுப் பெண்மணிகளின் வழக்கம். துவைக்கும்போது போகும் சாயத்தைப் பற்றிய கேள்வி அது. தோய்க்கும்போது மிஞ்சிய சாயம் எந்த ஆற்றுக்குப் போயிற்று என்பதையும் இனிச் சேர்த்துக் கேட்கலாம்.