பாரிஸில் பசியாறினோம்

பிரெஞ்சுக்காரரின் 'பிஸ்த்ரோ' என்னும் சிறு போஜனசாலையைப் பற்றி நாம் கேள்வியுற்றிருந்தது கொஞ்சமல்ல. 1814-ல் பாரிஸில் புகுந்த ருஷ்யச் சிப்பாய்கள், தங்கள் பாஷையில் "பிஸ்திரோ, சீக்கிரம்!" என்று கூவியதால் அப்பெயர் வந்ததாம். மோன்மார்த்ர் குன்றின்மேல் ஓர் உணவுச்சாலைச் சுவரில் இக்கதையைப் பொறித்தே வைத்திருக்கிறார்கள். அச்சொல் அச்சில் தலைகாட்டியதோ 1880-களில்தான்! நாம் சென்ற இடத்திலும் சீக்கிரத்தைக் காணோம்; முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

வெங்காய சூப்பின்மீது நமக்கு வெகுநாளாக ஒரு கண். வெங்காயத்தை வெண்ணெயில் பொறுமையாக வதக்கி, ரொட்டித் துண்டும் பாலாடைக்கட்டியும் மேலிட்டு வாட்டித் தருவது. கேட்பதற்குச் சுத்த சைவம்! நல்ல வேளையாகப் பரிசாரகரை விசாரித்தோம். மாட்டெலும்புச் சாறே அதற்கு அஸ்திவாரம் என்று அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காக அவருடைய தாமதத்தை மன்னித்தோம்.

பிறகு வந்தது, பாலேட்டில் அடுக்கி அடுப்பிலிட்ட உருளைக்கிழங்கு. அடடா! மேலே பொன்னிறம், உள்ளே வெண்ணெய். ரொட்டி கேட்கக் கேட்க வந்தது; அதற்கும் தண்ணீருக்கும் தனி விலையில்லை. பரிசாரகர் கூலி உணவின் விலையிலேயே அடக்கம்.

அந்த உருளைக்கிழங்குக்காகவே மறுநாளும் போனோம். அன்றும் முக்கால் மணிதான்.