பொதுச் சொத்தும் அதன் காவலரும்

கோடைப் பருவம் பிறந்ததும் ஐக்கிய அமெரிக்காவின் குடும்பங்கள் மோட்டார் வண்டிகளில் கூடாரமும் பாத்திரங்களும் ஏற்றிக்கொண்டு தேசீய வனங்களை நோக்கிப் புறப்படுவது அந்நாட்டு வழக்கம். பகலில் சாலையோரத்தில் நின்று காட்டெருது மந்தைகளையும் கரடிகளையும் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் கண்டு களிப்பர்; இரவில் வனத்திலேயே கூடாரமடித்துத் துயில்வர். அங்கே உத்தியோகத்திலிருக்கும் மக்களைக் காணச் செல்லும் நம்மவர் பலரும் இந்த யாத்திரையில் கலந்துகொள்கின்றனர். 2024-ம் வருஷத்தில் அத்தேசீய வனங்களுக்கும் அவற்றைச் சேர்ந்த ஸ்தலங்களுக்கும் வந்தோர் வருகை 33 கோடியே 18 லட்சத்துக்கு மேற்பட்டது. அதற்கு முன் எவ்வாண்டிலும் காணாத தொகை இது. ஆயினும் 2025 பிப்ரவரியில் அந்நாட்டுச் சர்க்கார் வன ஊழியரில் சுமார் 1,000 பேரை வேலையினின்றும் நீக்கியது. அதன்மேல் வழக்குகளும் எழுந்தன. கூட்டம் பெருகுங்காலத்தில் காவலைக் குறைப்பது எவ்வகைச் சிக்கனம் என்று நாம் கேட்கிறோம்.

இவ்வனங்களின் மூலத்தை முதலில் நோக்குவோம். 1872 மார்ச்சு 1-ந் தேதி ஜனாதிபதி கிராண்ட் கையொப்பமிட்ட சட்டத்தினால், எல்லோஸ்டோன் பிரதேசத்தில் சுமார் 22 லட்சம் ஏக்கர் நிலம் விற்பனைக்கும் குடியேற்றத்துக்கும் உட்படாததாய், ஜனங்களின் அனுபோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. மன்னன் தன் வேட்டைக்காகக் காட்டை வளைப்பது பழைய வழக்கம்; குடிகளுக்காக வளைத்தது அன்று புதுமை. அதன் பொருள் யாது? அந்நிலத்துக்குச் சர்க்கார் தர்மகர்த்தாவேயன்றி உடையவரல்லர். ஆகவே அவர் நடத்தையைத் தர்மகர்த்தாவின் கடமை கொண்டே அளத்தல் வேண்டும்.

அக்கடமையில் அவர் தொடக்கத்திலேயே தவறினார். ‘ஜனங்கள்’ என்ற சொல்லில் அந்நிலத்துப் பழங்குடிகள் அடங்கவில்லை. மலையாட்டை வேட்டையாடி அங்கே வாழ்ந்த ஷோஷோனி வகுப்பினர் சில ஆண்டுகளுக்குள் வெளியேற்றப்பட்டனர். 1877-ல் நெஸ் பெர்ஸ் ஜாதியார் ராணுவம் துரத்த அவ்வனத்தினூடே தப்பியோடினர். அன்னியர் ஆட்சியில் உழன்ற நாம் இதை எளிதாகக் கடந்து செல்ல முடியாது. நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஒப்பிய சட்டமோ 2006-ல்தான் வந்தது. மிருகத்துக்குச் செய்த தர்மம் மனிதனுக்குச் செய்த அதர்மத்தைத் துடைத்துவிடாது.

இனி யாத்திரிகரின் பங்கைக் காண்போம். 1915-ல் மோட்டார் வண்டிகள் எல்லோஸ்டோனுக்குள் அனுமதிக்கப்பட்டன. செல்வர் மட்டுமே கண்ட காட்சி எளியோருக்கும் எட்டியது, அது நன்மையே. ஆனால் வண்டியிலிருந்தபடியே கரடிக்குத் தின்பண்டம் எறிவது வேடிக்கையாயிற்று. குப்பைமேடுகளில் கரடிகள் மேய்வதைக் காண ஆசனங்களும் போடப்பட்டன. விளைவு என்ன? 1931 முதல் 1969 வரை அவ்வொரு வனத்திலேயே ஆண்டுக்குச் சராசரி 48 பேர் கரடிகளால் காயமுற்றனர்; இரந்துண்ணப் பழகிய கரடிகள் பல கொல்லப்பட்டன. 1970-ஐ ஒட்டிக் குப்பைமேடுகளை மூடி, உணவளிப்பதையும் கண்டிப்புடன் தடுத்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது.

ஓநாயின் கதையும் இதுவே. 1926-க்குள் அவ்வனத்தில் அதை அறவே ஒழித்தார்கள். பின்னர் 1995, 1996 ஆகிய இரண்டு வருஷங்களில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொணர்ந்து விட்டார்கள். இன்று லாமார் பள்ளத்தாக்கில் அவற்றைக் காண்பதற்கென்றே விடியுமுன் ஜனங்கள் காத்து நிற்கின்றனர்.

கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜமும் ஏனைய மிருகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 25 கஜமும் விலகி நிற்க வேண்டுமென்பது இன்றைய விதி. கூடாரமடிப்போர் உணவை வண்டிக்குள்ளோ இரும்புப் பெட்டியிலோ பூட்டிவைத்தல் வேண்டும். விதி எழுதுவது எளிது. காவலன் இல்லையேல் அது வெறும் காகிதமே. 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள் சர்க்கார் அலுவல்கள் முடங்கியபோது, போதிய ஊழியரின்றியே பல வனங்களைத் திறந்து வைத்தனர். ஜோஷுவா ட்ரீ வனத்தில் குப்பை குவிந்தது, மரங்கள் சேதமுற்றன. இதனினும் தெளிந்த சாட்சியம் வேண்டுமோ?

வரி கொடுப்போரின் பாரம் குறைய வேண்டாமா என்பர் சிலர். 2026 ஜனவரி முதல் 11 வனங்களில் அன்னிய நாட்டாரிடம் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வசூலிப்பதென்று 2025 நவம்பரில் அறிவித்ததும் இந்நோக்கம் பற்றியே. அயலாரிடம் அதிகம் வாங்குவதை மட்டும் நாம் குறைகூறோம். தாஜ்மஹாலில் நாமும் அதையே செய்கிறோம். ஆனால் உண்டியலைப் பெரிதாக்கிக் காவலனை வெளியேற்றும் தர்மகர்த்தாவை எந்த ஊரார் பொறுப்பர்?

காடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பது மனிதன் அடியெடுத்து வைக்காத காட்டுக்கே பொருந்தும். கோடிக்கணக்கானோர் வந்துசெல்லும் காட்டுக்குக் காவலரே வேலி. அக்காவலருக்குக் கொடுக்கும் சம்பளம் செலவன்று, பொதுச் சொத்துக்குச் செய்யும் பராமரிப்பு. இவ்வுண்மையை அமெரிக்க ஜனங்கள் தம் பிரதிநிதிகளுக்கு உணர்த்துவாராக. நம்முடைய வனங்களுக்கு வண்டியோட்டிச் செல்லும் நண்பர்களும், காவலன் காணாத இடத்திலும் விதியைப் பேணுவாராக.