ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு வாரம் முன்னதாக, எங்கள் மதுமீட்புப் பிரிவின் புறநோயாளர் அறையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழும்: "டாக்டர், இந்தத் தடவை ஊருக்குப் போகலாமா?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர்; அவருடைய மனைவியோ தாயோதான். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதிகளில் குடியிருப்போரில் பலருக்குச் சொந்த ஊர் தென்மாவட்டங்களில் இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் இரவு பேருந்து ஏறினால் விடியும்போது ஊர் வந்துவிடும். அங்கே மாமன் மச்சான்கள் காத்திருப்பார்கள். அச்சம் அதைப் பற்றியதுதான்.

போகலாம் என்பதே எங்கள் கருத்து. சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கக்கூடிய பயணங்களைத் தவிர்ப்பது நல்லது. அதற்குமேல் ஓராண்டு, ஈராண்டு என்று தடைபோடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சாவு வீடு நாள் பார்த்து வருவதில்லை. குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு என்றால் குடும்பமே போகும். மதுவை விட்டவரை மட்டும் வீட்டில் பூட்டிவைத்தால், தனிமையும் கோபமும் அவரைத் தெருமுனைக் கடைக்கே அனுப்பிவிடும்.

எங்களை உறுத்துவது பயணமன்று, பயணத்துக்கு முன் குடும்பம் சேர்ந்து தயாரிக்கும் பொய். "வயிற்றில் புண், அதனால் குடிப்பதில்லை என்று சொல்லிவிடலாம்" என்று முடிவு செய்துகொண்டு கிளம்புகிறார்கள். காரணம் நமக்குப் புரியாததன்று. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்; சிகிச்சை எடுத்தது வெளியே தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்ற கவலை. ஆனால் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டியவர் நோயாளிதான். "புண்ணுக்குப் பீர் ஒன்றும் செய்யாது மாப்பிள்ளை" என்று பெரியவர் ஒருவர் கண்ணாடித் தம்ளரை நீட்டும்போது அவரிடம் விடை இராது. பொய்யைக் காக்கக் குடிக்க வேண்டும். இல்லையேல் பொய்யை உடைக்க வேண்டும். நாற்பது பேர் நடுவே எவரும் பின்னதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் உலகளாவிய அமைப்பு பிறந்ததே இத்தகைய ஒரு பயணத்தில்தான். 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன் வணிக வேலையாக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். குடியை விட்டு ஐந்து மாதமளவே ஆகியிருந்தது. போன காரியம் தோற்றது. மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் கலகலப்பு, மறுபுறம் தொலைபேசி. முன்பின் அறியாத ஒரு பாதிரியாரை அழைத்துத் தம் நிலையைச் சொன்னார். அந்த அழைப்பு வேறு சிலர் வழியாக, ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. அவரும் குடிநோயாளியே. இருவரும் பேசினர், வில்சன் குடிக்கவில்லை, ஸ்மித்தும் விட்டார்.

இத்துடன் கதையை நிறுத்துவோர் உண்டு. எங்களுக்கு இதன் பிற்பகுதியே முக்கியம். சில வாரங்களில் ஸ்மித் மருத்துவர் மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டிக்குப் புறப்பட்டார். வில்சன் உடன் செல்லவில்லை. ரயிலிலேயே குடிக்கத் தொடங்கிவிட்டதாக ஸ்மித்தே பின்னர் எழுதினார். ஊர் திரும்பிச் சிகிச்சை பெற்று, கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் ஜூன் 10 அமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. மருத்துவ அறிவுக்கு அவரிடம் குறைவில்லை. பயணத்தில் அவர் நிலையை அறிந்தவர் ஒருவர் அருகில் இல்லாததே குறை என்பது எங்கள் கணிப்பு.

ஆகவே ஊர் முழுவதற்கும் பறைசாற்றச் சொல்லவில்லை, ஒருவரிடம் சொல்லுங்கள். சித்தப்பாவோ, அக்காள் கணவரோ, குடிக்காத ஒரு பள்ளி நண்பரோ, பேச்சுக்கு மதிப்புள்ள ஒருவர் போதும். "இவன் மருந்தில் இருக்கிறான், யாரும் ஊற்றிக் கொடுக்காமல் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பயணத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பந்தியில் பக்கத்தில் அமர்வதும், இருட்டியபின் கோயில் திடலிலிருந்து வீட்டுக்கு அழைத்துவருவதும் அவர் பொறுப்பு. திருவள்ளுவர் நாளன்று டாஸ்மாக் மூடியிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கள்ளுண்ணாமை பாடியவரின் நாளுக்கு முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே.

மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். டைசல்ஃபிராம் உட்கொள்பவர் பயணத்துக்குச் சில நாள் முன்பாக அதை நிறுத்தினால், அதை மறதி என்று எண்ண வேண்டாம். மனம் ஏற்கெனவே குடிக்கத் திட்டமிடுகிறது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு உடலில் நீடிக்கக்கூடும். அந்நிலையில் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் எழுந்து, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுப்பதும் அதே காரணத்தால் கூடவே கூடாது.

திரும்பும் பயணத்தைப் பற்றிக் குடும்பங்கள் நினைப்பதே இல்லை. ஊரில் நான்கைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டவர், பேருந்து ஏறும் நாளில் சட்டென நிறுத்துகிறார். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்துக்குப் பின் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத உருவங்கள் தெரிந்து நினைவு தடுமாறலாம். இது உயிருக்கே ஆபத்தானது. "எப்படியாவது தாம்பரம் கொண்டுவந்து உங்களிடமே சேர்த்துவிடலாம் என்று பார்த்தோம்" என்று சொல்லும் குடும்பங்களின் நம்பிக்கைக்கு நன்றி. ஆனால் அறுநூறு கிலோமீட்டர் இரவுப் பயணத்தில் வலிப்பு வந்தால் ஓட்டுநர் என்ன செய்ய முடியும்? அறிகுறி தெரிந்தால் பேருந்து ஏறாதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, எத்தனை நாள் குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மனம் அலைபாயும் நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பயணச் சீட்டு எடுக்கும்போதே, திரும்பி வரும் வாரத்தில் எங்களைச் சந்திக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் குடித்திருந்தாலும் அந்த நாளில் வாருங்கள். வீட்டில் சண்டை ஓயட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.