மாதிரி வரைவை எந்த மொழியில் தொடங்குவது?

மொழியியல் ஆய்வாளர்கள் தம் களத்தரவுகளை வெளியிடத் தனி இணையதளம் அமைத்துக்கொள்ளும் காலம் இது. அத்தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் 'தீம்' எனப்படும் வார்ப்புருவைப் பெரும்பாலும் ஒரு வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அவர் மாதிரி வரைவு ஒன்றைப் படமாக அனுப்புகிறார். நாம் ஒப்புதல் தருகிறோம். பின்னர் அது நிரலாகிறது. இவ்வரிசையில் மொழியியல் அறிவு எந்த இடத்தில் நுழைகிறது என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. வரைவின் முதல் வரியிலேயே அது நுழைய வேண்டும் என்பது என் கருத்து.

வரைவுகளில் இடத்தை நிரப்ப வழக்கமாகப் பயன்படுவது 'லோரம் இப்சம்' என்னும் பொருளற்ற பத்தி. சிசரோவின் இலத்தீன் நூலொன்றிலிருந்து சிதைத்து எடுக்கப்பட்டது அது. அதனை வைத்து வரையும்போது உரோமன் எழுத்தின் இயல்புகள் பொது இயல்புகளாகிவிடுகின்றன. தலைப்பை முழுதும் பேரெழுத்தில் அமைத்து வேறுபடுத்துகிறார்கள். இந்திய எழுத்துமுறைகளில், ஹோ மொழியின் வாராங் சித்தி போன்ற அரிய விலக்குகள் நீங்கலாக, பேரெழுத்து சிற்றெழுத்து என்ற பாகுபாடே இல்லை. எழுத்துகளுக்கிடையே சற்று இடைவெளி கூட்டுகிறார்கள். தேவநாகரியில் அது தலைக்கோட்டைத் துண்டு துண்டாக்குகிறது. வரிகளை நெருக்கி அடுக்குகிறார்கள். மேலும் கீழும் குறிகள் ஏறும் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. சரிந்திறங்கும் நஸ்தாலிக் நடையில் எழுதப்படும் உருதுவுக்கோ இன்னும் கூடுதலான வரியுயரம் வேண்டும்.

சந்தாலி மொழியை எடுத்துக்கொள்வோம். 1925-இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கியோடு, தேவநாகரி, வங்காளம், ஒடியா, உரோமன் ஆகிய எழுத்துகளிலும் அது எழுதப்படுகிறது. 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மொழி அது. ஒல் சிக்கி 2008-இல் ஒருங்குறியிலும் சேர்ந்தது. ஆயினும் தளத்தின் நிரலில் உரிய எழுத்துருவை இணைக்காவிட்டால், அவ்வெழுத்துரு இல்லாத கைப்பேசியில் தெரிபவை வெற்றுக் கட்டங்களே. தரவு தந்த ஊராரே தம் சொற்களைப் படிக்க இயலாத தளத்தை 'ஆவணப்படுத்தல்' என்று எவ்வாறு அழைப்பது? வடிவமைப்பாளரின் கணினியில் எடுத்த படத்தில் இக்குறை ஒருபோதும் வெளிப்படாது.

எடுத்துக்காட்டுத் தொடர்களின் நிலை இதனினும் சிக்கலானது. லைப்சிக் விளக்க விதிகளின்படி ஒவ்வொரு சொல்லின் நேர்கீழே அதன் விளக்கம் அமைய வேண்டும். 'வீடு-கள்-இல்' என்பதன் கீழ் 'வீடு-பன்மை-இடவேற்றுமை' என்று நிற்க வேண்டும். இதனை வெற்றிடங்களை இட்டு ஒழுங்குபடுத்தினால் அகன்ற திரையில் அழகாகவே இருக்கும். குறுகிய திரையில் மேல்வரி தனியாகவும் கீழ்வரி தனியாகவும் மடிய, ஒரு சொல்லின் விளக்கம் வேறொரு சொல்லின் அடியில் போய் நிற்கும். அப்போது வாசகர் பெறுவது பிழையான பகுப்பாய்வு. இதற்கு அஞ்சி எடுத்துக்காட்டுகளைப் படமாக்கி ஒட்டுவோரும் உண்டு. படத்தில் உள்ள சொல்லை உரையாகத் தேடவோ மேற்கோளாகப் படியெடுக்கவோ முடியாது. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானுக்கும் அது எட்டாது. சொல்லையும் விளக்கத்தையும் ஒரே கூட்டில் வைத்து, சிஎஸ்எஸ்-இல் அக்கூட்டுக்கு 'இன்லைன்-பிளாக்' என்ற பண்பைக் கொடுத்தால் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே மடியும். நிரல் சில வரிகள்தாம். ஆனால் எவை பிரியக்கூடாது என்று சொல்ல மொழியியல் தெரிந்தவர் வேண்டும்.

மொழியைச் சுட்டும் 'லாங்' பண்பும் இத்தகையதே. இந்தியும் மராத்தியும் தேவநாகரியையே பகிர்ந்துகொண்டாலும் ல, ஶ போன்ற சில எழுத்துகளின் உருவம் மராத்தி வழக்கில் வேறுபடும். பத்தி எந்த மொழிக்குரியது என்று நிரலில் குறித்தால், அவ்வசதி கொண்ட எழுத்துரு உரிய உருவத்தைத் தேர்ந்தெடுக்கும். திரைவாசிப்பானும் உரிய ஒலிப்புக்கு மாறும். பக்கத்தின் மொழியையும், இடையே வரும் பிறமொழிப் பகுதிகளின் மொழியையும் குறிக்க வேண்டும் என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்களிலேயே உள்ள நெறி. பன்மொழித் தரவை வெளியிடும் நாம் அதனைப் புறக்கணிப்பது பொருத்தமன்று.

'ஆய்வேட்டை முடிப்பதே பெரும்பாடு. நிரலும் ஆய்வாளர் தலையிலா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வண்ணம், பக்க அமைப்பு, செயல்வேகம் ஆகியவற்றில் வடிவமைப்பாளரின் திறனுக்கு நாம் ஈடாக மாட்டோம். அப்பணியை அவரே செய்யட்டும், அதற்குரிய ஊதியமும் பெறட்டும். ஆனால் அவருக்கு நாம் கொடுக்கும் முதற்பொருள் நம் பொறுப்பு.

ஆகவே மூன்று பரிந்துரைகள். முதலாவது, வரைவுக்கு முன்பே மெய்யான தரவுப்பக்கம் ஒன்றைக் கொடுங்கள். மிக நீண்ட சொல், மிக உயர்ந்த எழுத்து, ஐபிஏ குறிகள், நான்கு வரி எடுத்துக்காட்டு ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். இரண்டாவது, படத்தைப் பார்த்து இறுதி ஒப்புதல் தராதீர்கள். இயங்கும் பக்கத்தை அம்மொழி பேசுவோரின் கைப்பேசியில் திறந்து பார்த்த பின்னரே தாருங்கள். மூன்றாவது, களப்பணி முறையியல் பாடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு இவ்வடிப்படை நிரலறிவுக்கும் சில வகுப்புகளைத் துறைகள் ஒதுக்க வேண்டும்.

ஒலிப்பெயர்ப்பில் ஒரு குறி பிறழ்ந்தால் நெறியாளர் சுட்டிக்காட்டுகிறார். அதே குறி திரையில் பிறழும்போது அதனைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இத்தகைய தளங்களை அமைத்தவர்கள் தம் பட்டறிவையும் மாற்றுக் கருத்துகளையும் இங்கே பகிர வேண்டுகிறேன்.